கிறுகல்

கரண்ட் இல்லாத இரவு.
பாண்டிருப்புப் பக்கம் முழுக்க இருட்டு,
மருதமுனைப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் மட்டும் இருமுகிறது.
என் மேசையில் இரண்டு ஹோர்ன்கள்:
கோயிலுடையது தீமிதிப்புக்கு முன் வேண்டுமாம்,
பள்ளிவாசலுடையது வெள்ளிக்கு முன்.
வாயைக் கழற்றிவிட்டால் எது எவருடையதென்று
எனக்கே தடுமாறும்.
பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

பற்றரி கேட்டு வந்தான் ஜௌசி.
ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தவன்
வாங்கில் குந்திவிட்டான்.
ஆட்கள் இல்லாத ரோட்டில் அவனுக்கு என்ன அவசரம்.
"ஒரு சத்தம் கேக்கிறியா?" என்றேன்.

மோட்டாருக்குச் சுற்றி மிஞ்சிய கம்பி,
மூவாயிரம் சுற்று.
நடுவில் நாலங்குல ஆணி ஒன்று,
சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டது,
தன் பழசையெல்லாம் மறந்தது.
கம்பியின் முனைகள் அம்பிளிபயருக்குள்.
செத்த ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தை எடுத்து
மெல்ல, மிக மெல்ல,
ஆணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

சர்ர்ர்.
தகரத்தில் விழும் முதல் மழைபோல.
இல்லை, அதைவிட வறண்டது.
சுளகில் நெல் உருளும் சத்தம்
தூரத்து வளவொன்றிலிருந்து வருவதுபோல.

"என்ன கா அது, உள்ளுக்கு பூச்சியா?"
"ஆணி கிறுகுது."
"அது அசையவே இல்லையே!"

ஆணிக்குள் ஊர்கள் இருக்கின்றன.
ஒவ்வோர் ஊரும் தனக்குள் ஒரே முகம்,
ஒருவர் தப்பாமல் ஒரே திசை.
ஒன்று வடக்கே பார்த்தால் அடுத்தது தெற்கே,
அதற்கடுத்தது கடலை.
கூட்டிக் கழித்தால் பூச்சியம்.
அதனால்தான் டப்பாவில் கிடக்கும் ஆணி
குண்டூசியைக்கூடத் தொந்தரவு செய்வதில்லை.
பலமில்லாத சாது அல்ல அது.

புத்தகத்தில் இவற்றுக்குக் களம் என்று பெயர்.
சூடடிக்கும் களமா, மற்றக் களமா என்று
அவன் கேட்கவில்லை.

"ரெண்டு ஊருக்கும் நடுவில என்ன?"
"சுவர்."
"மதிலா?"
மதில் இல்லை. கல்லும் இல்லை.
முந்நூறு அணு நீளத்துக்கு ஒரு ஒழுங்கை.
முதல் அணு வடக்கே பார்க்கும்,
அடுத்தது ஒள்ளுப்பம் சாயும்,
அதற்கடுத்தது இன்னும் ஒள்ளுப்பம்.
ஒழுங்கை முடியும்போது தெற்கே நிற்பீர்கள்.
எந்த அணுவில் திரும்பியது என்று
யாரும் கை வைத்துக் காட்ட ஏலாது.

ஜௌசி சிரித்தான்.
"பத்து வருசமா இந்த ரோட்டில ஓடுறன்.
ஏறுற சனம் எந்த வாசல்ல
அண்ணனை விட்டுட்டு நானா எண்டு கூப்பிடத் தொடங்குது எண்டு
இன்னும் எனக்குப் பிடிபடல்ல."

காந்தத்தை இன்னும் நெருக்கினேன்.
இப்போது சுவர்கள் நகர்கின்றன, வழுக்கி அல்ல.
ஒரு கரித்துணுக்கில், ஒரு பழைய விரிசலில்
மாட்டி நின்று, நின்று,
பிய்த்துக்கொண்டு பாய்கின்றன.
அந்தப் பாய்ச்சலைத்தான் கேட்கிறோம்,
ஓர் ஊர் இன்னோர் ஊருக்குள் அகலும் சத்தத்தை.

பிறகு ஒன்றுமில்லை.
காந்தம் ஒட்டியே நின்றது, ஸ்பீக்கர் ஊமை.
எல்லாம் ஒரே பக்கம் பார்த்துவிட்ட ஆணிக்குச்
சொல்ல எதுவும் மிச்சமில்லை.

சந்தியில் டயர் எரிந்த வருடம்
எங்களுக்கு வயது பன்னிரண்டு.
எரிந்ததற்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.
அன்றைக்கும் இப்படித்தான்
முதலில் சத்தம், மறுகா ஒன்றுமேயில்லை.
அவன் அதைச் சொல்லவில்லை,
காலால் ஒரு போல்ட்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

காந்தத்தை எடுத்தேன்.
ஆணியில் ஒரு குண்டூசி தொங்கியது.
"இன்னும் பிடிக்குதே!"
சிலது திரும்பி வராது, அவ்வளவுதான்.
"மறக்கடிக்க ஏலாதா?"
அடிக்கலாம். காய்ச்சலாம்.
அல்லது கரண்ட் வரட்டும்,
வீட்டு மின்சாரம் ஓடும் சுருளுக்குள் வைத்து
அங்கும் இங்கும் அது உலுக்க உலுக்க
அவசரப்படாமல் வெளியே இழுக்கலாம்.
வெடுக்கென்று இழுத்தால் கெட்டுவிடும்.

"எவ்வளவு மெதுவா?"
தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது.
இரண்டு ஊரிலும் நாய்கள் குரைத்தன.
அவன் போய்விட்டான்.
பற்றரி வாங்கிலேயே கிடக்கிறது,
ஆணியைக் காணவில்லை.